பிரிவுபசார நாளும் நம் பிள்ளைகளும்



ஜனவரி மாதத்தின் பிற்பகுதியும் பிப்ரவரியின் தொடக்கமும் வந்துவிட்டால், வட இந்திய நகரங்களில் குடியிருக்கும் நம்முடைய வீடுகளில் ஒரே வகையான வாக்குவாதம் எழுவதைக் காண்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, பள்ளியில் ஃபேர்வெல் இருக்கிறது என்று சொல்லுகிறது. தகப்பனுக்குச் செலவைக் குறித்த கவலை. தாய்க்குப் புடவையைக் குறித்த கவலை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கோ, பொதுத்தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது இப்படியொரு கூத்து எதற்கு என்ற கேள்வி. சில வீடுகளில் காரியம் இன்னும் முற்றிப் போய், அங்கே சினிமாப் பாட்டுப் போடுவார்களே, ஆடச் சொல்லுவார்களே, நகை அணியாமல் போகிற நம் மகளைக் கேலி செய்வார்களே, ஆகையால் போகவே வேண்டாம் என்று தீர்ப்பாகிவிடுகிறது. பிள்ளை அழுதுகொண்டே பாடப் புத்தகத்தைத் திறக்கிறது. அன்று அது என்ன படித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இதைக் குறித்து எழுதும்படி ஒரு தாயார் கேட்டிருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை அனுப்புங்கள். ஏன் அனுப்ப வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

ஊரில் படித்து வளர்ந்த நமக்கு இந்த வழக்கம் புதியது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல்தான் வந்தது. அதற்குப் பின் பள்ளியை முடித்த என் போன்றவர்களுக்கு ஆட்டோகிராஃப் என்னும் சிறு நோட்டுதான் தெரியும். ரோஜா நிறத்திலும் பச்சை நிறத்திலும் தாள்கள் இருக்கும். அதில் நண்பர்கள் நாலு வரி எழுதி, கீழே முகவரியும் எழுதித் தருவார்கள். என்னோடு படித்த ஒருவன் நாலு வரிக்குப் பதிலாகத் தன் தகப்பனாரின் மளிகைக்கடை முகவரியை மட்டும் எழுதி, எப்போது வந்தாலும் இங்கே இருப்பேன் என்று எழுதினான். அவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். ஊருக்குப் போனால் அந்தக் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். அதன்பின் ஒரு குழுப் படம். ஆசிரியர்கள் நாற்காலியில், உயரமானவர்கள் பெஞ்சின்மேல், குட்டையானவர்கள் தரையில். எங்கள் விழா அவ்வளவுதான்.

இங்கே வழக்கம் வேறு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பணம் சேர்த்துத் தங்களுக்கு மூத்த வகுப்பை வழியனுப்புகிறார்கள். பையன்கள் கோட்டு அணிகிறார்கள். பெண் பிள்ளைகள், பெரும்பாலும் வாழ்க்கையில் முதல் முறையாக, புடவை உடுத்துகிறார்கள். ஆசிரியர்கள் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேடிக்கையாக ஒரு பட்டம் சூட்டுகிறார்கள். தேர்வின் கடைசி நாளில் வெள்ளைச் சட்டையின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வதும் உண்டு. அந்தச் சட்டையைத் துவைத்துவிட்டதற்காகத் தாயோடு மூன்று நாள் பேசாமல் இருந்த மகனை எனக்குத் தெரியும். தாய்மாரே, அந்தச் சட்டையைத் தயவுசெய்து துவைக்காதீர்கள்.

இதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளி நிகழ்ச்சி முடிந்தபின் ஓட்டலிலோ ஒருவர் வீட்டின் மொட்டைமாடியிலோ தனியாக நடக்கிற கொண்டாட்டம் வேறு காரியம். அதற்குப் பள்ளி பொறுப்பல்ல. பெரியவர்கள் ஒருவரும் அங்கே இருப்பதில்லை. அதற்கு அனுமதி மறுக்கும் தகப்பன் சரியாகவே செய்கிறான். நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நிற்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை பாதியாகக் குறையும். புடவைக்காகக் கடன் வாங்க வேண்டியதும் இல்லை. தாயின் பெட்டியில் இருக்கிற கல்யாணப் புடவையைவிட நல்ல புடவை எந்தக் கடையிலும் இல்லை.

நகையைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். காதில் ஒன்றுமில்லாமல், கழுத்தில் ஒன்றுமில்லாமல் மகள் போனால் கேலி செய்வார்கள் என்று அஞ்சுகிறோம். ஆனால் அங்கே இருக்கிறவர்கள் அந்நியர்கள் அல்லவே! ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் ஏன் கம்மல் போடுவதில்லை என்று ஏழாண்டுகளுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பின் மறந்தும் போனவர்கள். கேலி செய்கிறவர்கள் எப்போதும் நம்மை அறியாதவர்கள்தாம். நம் பிள்ளை அந்த வகுப்பில் எப்படி அறியப்பட்டிருக்கிறதோ அப்படியே அங்கே போய் வரட்டும்.

இனி, அந்த நாளில் பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். பாட்டும் படமும் அரைமணி நேரந்தான். மீதி நேரமெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஆண்டு யார் வந்து சேர்ந்தார்கள், யார் எப்போது போனார்கள், எந்த ஆசிரியை எதற்காக அழுதார், யாருடைய டப்பா எந்த நாளில் காணாமற்போனது என்று ஆண்டுகளைத் திரும்ப எண்ணுகிறார்கள். முதியோர் கூடி ஊர்க்கதை பேசுவது போலவே இருக்கும்.

நம்முடைய பிள்ளைகளுக்கு இது ஊர்க்கதையேதான். இதை நாம் போதுமான அளவு சிந்திக்கவில்லை என்பது என் எண்ணம். உனக்கு எந்த ஊர் என்று யாராவது கேட்டால், நம் பிள்ளை நம்முடைய சொந்த ஊரின் பெயரைச் சொல்லுகிறது. நாசரேத் என்றோ, வேலூர்ப் பக்கம் என்றோ, விழுப்புரம் என்றோ. அங்கே அது இரண்டு கோடை விடுமுறைகளும் ஒரு கல்யாணமும் கண்டிருக்கும். இங்கே நாம் மூன்று வாடகை வீடுகள் மாறியிருப்போம். தெரு மாறியது, அண்டை வீட்டார் மாறினார்கள், சில சமயம் சபைகூட மாறியது. மாறாமல் இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான். அவர்களுக்கு அதுதான் ஊர். அந்த நாற்பது பேர்தான் ஊரார்.

மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு அதுவும் நிலையில்லை. இடமாற்றம் பெறுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு தடைப்படக் கூடாது என்றுதான் 1963இல் கேந்திரிய வித்யாலயங்கள் தொடங்கின. எந்த நகரத்துக்குப் போனாலும் அதே பாடத்திட்டம், அதே புத்தகம். நல்ல ஏற்பாடுதான். பாடத்திட்டத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்தவனை எடுத்துப் போக முடியாது.

எங்கள் சபையில் நான்கு பிள்ளைகள், ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் படித்து 2023இல் வெளியே வந்தவர்கள். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். சென்ற கோடையில் ஒரு மாலை எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது தங்கள் பள்ளி ஆண்டுகளைக் குறித்து நெடுநேரம் பேசினார்கள். அந்த ஆண்டில் வெளியே வந்த பிள்ளைகளின் கதை மற்ற எந்த ஆண்டின் கதையைப் போலவும் இல்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2020 மார்ச் 12 அன்று தில்லி அரசு, பள்ளிகளை அம்மாத இறுதிவரை மூடும்படி அறிவித்தது. அப்போது இவர்கள் ஒன்பதாம் வகுப்பின் முடிவில் இருந்தார்கள். இரண்டு வாரம் விடுமுறை என்று கூவிக்கொண்டு வெளியே ஓடினார்களாம். ஒருத்தி தன் குடையை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தாள். வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு. அதன்பின் பத்தாம் வகுப்பு முழுவதும் கைப்பேசியில் நடந்தது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். தகப்பன் வேலைக்குப் போனால் கைப்பேசியும் போய்விடும். ஆசிரியை முகத்தைக் காட்டச் சொன்னால் இவர்கள் கேமராவை அணைத்துவிடுவார்கள். பாடம் கேட்காமல் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்த மாலையில்தான் ஒரு பையன் காரணத்தைச் சொன்னான். ஒரே அறையுள்ள வீடு. பின்னால் அம்மா சமைப்பதும், அப்பா வேலையின்றிப் படுத்திருப்பதும் தெரியும். அதை வகுப்பு பார்க்கக் கூடாது என்று அணைத்தானாம். மற்ற மூவரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களும் அதற்காகவேதான் அணைத்தார்களாம்.

2021 ஜனவரி 18 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் பள்ளி திறந்தது. ஏப்ரல் 14 அன்று, பெருகிவந்த கொள்ளைநோயின் காரணமாக, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்குள் ஆண்டு முழுவதும் நடந்த தேர்வுகளிலிருந்து 80 மதிப்பெண், அகமதிப்பீட்டிலிருந்து 20 மதிப்பெண் என்று கூட்டினார்கள். அதிலும், அந்தப் பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டுத் தேர்ச்சியில் சிறந்ததை அளவுகோலாக வைத்தார்கள். இவர்கள் எழுதாத தேர்வுக்கு மூத்தவர்கள் எழுதிய தேர்வு அளவுகோலாயிற்று. ஆகஸ்டு 3 அன்று முடிவு வந்தபோது நாடு முழுவதும் 99.04 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். உடனே நம்மவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது: கொரோனா பாஸ். கல்யாண வீட்டிலும், ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போதும், சிரித்துக்கொண்டே இதைச் சொன்ன பெரியவர்கள் எத்தனை பேர்! ஒரு பிள்ளை இரண்டாண்டு அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரிந்தது என்று அறிந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த ஏப்ரலும் மே மாதமும் தில்லியில் எப்படி இருந்தன என்று நான் எழுத வேண்டியதில்லை. படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் அலைந்தவர்கள் நம் வாசகரில் பலர் உண்டு. இவர்களுடைய வகுப்பில் ஒரு பெண்ணின் தாய் அந்த வாரங்களில் இறந்துபோனார். குழுவில் ஒரு வரிச் செய்தி வந்தது. ஒருவரும் போக முடியவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் பலர் ஒன்றுமே எழுதவில்லை.

செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகள் திறந்தபோது அந்தப் பெண் வந்தாள். இவர்கள் பதினொன்றாம் வகுப்பு. ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிறார்கள். யாருக்கும் பேச்சு வரவில்லை. மதிய இடைவேளையில் அவள் டப்பா எடுக்கவில்லை, பசியில்லை என்றாள். இரண்டாம் நாளும் அப்படியே. வீட்டில் காலையில் சமைக்க ஆள் இல்லை என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. நான்காம் நாள் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இரண்டு டப்பா கொண்டுபோனாள். அடுத்த நாள் ஒரு சீக்கியப் பையன். அதற்கடுத்த நாள் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். விரைவில் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினார்கள். ராஜ்மா சாதம் ஒரு நாள், புளிச்சாதம் ஒரு நாள், இட்லியும் மிளகாய்ப்பொடியும் ஒரு நாள், ஆலு பராட்டா ஒரு நாள். வகுப்பில் மதராசி என்று பட்டப்பெயர் பெற்றிருந்த எங்கள் பையனுடைய முறை வரும்போது மட்டும் சண்டை. அவன் வீட்டுத் தக்காளிச் சாதத்தில் எல்லாருக்கும் பங்கு வேண்டுமாம்.

அந்த நவம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளியை மூடினார்கள். டிசம்பரிலும் மூடினார்கள். ஜனவரியில் மறுபடியும் நோய். 2022 பிப்ரவரி 7 அன்று மீண்டும் திறந்தார்கள். ஒவ்வொரு முறை திறந்தபோதும் பட்டியல் முதல் பெயரிலிருந்து தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாள்வரை அது நடந்திருக்கிறது. இதைப் பெற்றோரில் ஒருவரும் அறியவில்லை. என் மகனுக்குப் பசி அதிகமாகிவிட்டது, இரண்டு டப்பா கேட்கிறான் என்று ஒரு சகோதரி அந்நாட்களில் என் மனைவியிடம் சொன்னது இப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நான்கு பேரிடமும் நான் ஒரு கேள்வி கேட்டேன். பன்னிரண்டு ஆண்டில் உங்களுக்கு நினைவில் நிற்பது எது? கணிதத்தில் 95 வாங்கிய பையன் உட்பட ஒருவரும் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. சுற்றுலாவையும் சொல்லவில்லை. டப்பாவைத்தான் சொன்னார்கள்.

2023 பிப்ரவரி 15 அன்று பொதுத்தேர்வு தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏப்ரல் 5 வரை நடந்தது. அவர்களுக்கு அதுதான் முதல் பொதுத்தேர்வு. மற்ற ஆண்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே அந்தப் பயத்தைக் கடந்திருப்பார்கள். இவர்கள் அறியாத மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியதே இல்லை. தட்டச்சுக்குப் பழகிய விரல்கள் இரண்டாம் மணியில் மரத்துப்போயினவாம். ஒரு பெண் ஜனவரி முழுவதும் தினமும் இருபது பக்கம் எழுதிப் பழகினாள். பாடத்துக்காக அல்ல, கைக்காக. மே 12 அன்று முடிவு வந்தது. நாடு முழுவதும் 87.33 விழுக்காடு தேர்ச்சி. நான்கு பேரும் தேறினார்கள். கொரோனா பாஸ் என்ற சொல் அன்றோடு அவர்களைவிட்டுப் போனது.

இந்த இடத்தில் சபைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தேர்வு முடிவு வந்த வாரத்தின் ஞாயிறன்று, பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, மதிப்பெண்ணை வாசித்து, கூடுதலாக வாங்கினவனுக்குப் பரிசு கொடுத்து ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. 62 விழுக்காடு வாங்கினவன் அன்று ஆராதனைக்கு வராமல் இருப்பதையும், தவறிப்போனவளின் தாய் பின்வரிசையில் தலைகுனிந்து இருப்பதையும் மேடையிலிருந்து பார்க்க முடியும். 2023இல் மத்தியக் கல்வி வாரியமே, ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்க்கும்படி, தகுதிப் பட்டியல் வெளியிடவில்லை; முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்தும் அறிவிக்கவில்லை. கல்வி வாரியம் விட்டுவிட்ட வரிசையைச் சபை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? மேலும், 2021இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் சேர 100க்கு 100 கேட்ட நிலை இருந்தது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்குத் தனி நுழைவுத் தேர்வே வந்துவிட்டது. எந்த மதிப்பெண்ணுக்காக அண்ணன் தம்பி போலிருந்தவர்களைப் போட்டியாளராக்கினோமோ, அந்த மதிப்பெண்ணின் மதிப்பே ஓராண்டில் மாறிவிட்டது. பள்ளியை முடித்த எல்லாரையும் ஒன்றாக நிறுத்தி, எண்ணே வாசிக்காமல், ஜெபம் செய்து அனுப்பினால் போதும் என்பது என் தாழ்மையான கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதலாம்.

தானியேலின் புத்தகத்தைப் படிக்கும்போது சிங்கக்கெபிக்கும் அக்கினிச்சூளைக்கும் நாம் விரைந்து போய்விடுகிறோம். முதல் அதிகாரம் ஒரு வகுப்பறை. சொந்த ஊரைவிட்டு அந்நிய நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்ட நான்கு வாலிபர், கல்தேயரின் மொழியையும் கல்வியையும் மூன்று ஆண்டுகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களைக்கூட மாற்றிவிடுகிறார்கள். முடிவில் ராஜாவே தேர்வு வைக்கிறான். அதில் அவர்கள் மற்றவர்களைவிடப் பத்துமடங்கு மேலாகக் காணப்பட்டார்கள் என்பதை நாம் பிரசங்கிக்கிறோம். பெற்றோருக்கும் அது பிடிக்கும். ஆனால் அடுத்த அதிகாரத்தில் உயிருக்கே ஆபத்து வந்த இரவில், தானியேல் யாரிடம் போனான்? வீட்டுக்குப் போய் அந்த மூவரிடம் சொன்னான். தான் உயர்த்தப்பட்டபோது அவர்களுக்காக ராஜாவிடம் கேட்டுக்கொண்டான். வேதாகமக் கல்லூரியில் இந்தப் புத்தகத்தின் காலக் கணக்கையும் சொப்பனங்களையும் குறித்து நாங்கள் பல நாள் தர்க்கித்தோம். அந்த நான்கு பேரின் சிநேகத்தைக் குறித்து எந்தத் தாளிலும் ஒரு கேள்வி வந்ததாக நினைவில்லை. என்னோடு தர்க்கித்தவர்களில் ஒருவர் இப்போது சத்தீஸ்கரில் ஊழியம் செய்கிறார். நள்ளிரவில் நான் தயங்காமல் கூப்பிடக்கூடிய எண் அவருடையது.

பிள்ளைகள் பிரிவதற்கு முன் தங்கள் வகுப்பை ஒருமுறை முழுவதுமாய்ப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, பல பத்தாண்டுகளாக நம்மவர்கள் குடியிருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கே இருந்த 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று கணக்கிட்டார்கள். அந்த வீடுகளும் நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். வீட்டு வேலைக்குப் போகிற தாய்மாரின் பிழைப்பைக் குறித்துப் பலரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். அருகிலிருந்த பள்ளிக்கு நடந்தே போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைக் குறித்தும் பேச வேண்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் லோதி எஸ்டேட், மந்திர் மார்க், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, பூசா ரோடு ஆகிய ஏழு இடங்களில் பள்ளிகள் நடத்துகிறது. நரேலா இவற்றில் எதற்கும் அருகில் இல்லை. கோடை விடுமுறைக்காகப் பிரிந்தவர்களில் சிலர் அப்படியே பிரிந்துபோனார்கள். அவர்களுக்குப் புடவையும் இல்லை, பட்டமும் இல்லை, பெயர் எழுதிய சட்டையும் இல்லை.

எங்கள் நால்வரின் வகுப்பிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் எடுத்த குழுப் படத்தை எனக்குக் காட்டினார்கள். அதில் நின்றவர்களைக் காட்டுவதைவிட, நிற்காதவர்களைப் பற்றியே அதிகம் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் தங்களோடு இருந்து பன்னிரண்டுக்கு வந்துசேராதவர்கள் ஒன்பது பேர். சிலர் இடமாற்றத்தில் போனார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஒருவன் நம்மவன், ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன். 2020இல் வேலை நின்றவுடன் குடும்பம் ஜூன் மாதம் ரயிலேறி விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டது. ஓராண்டுக்குப்பின் திரும்பி வந்தபோது பள்ளியில் அவன் பெயரை நீக்கியிருந்தார்கள். தகப்பனுக்குக் கடன். பையன் கரோல் பாக்கில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பிரிவுபசார நாளில் இவர்கள் அவனைப் பள்ளி வாசல்வரை வரச்சொல்லி அழைத்திருக்கிறார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டானாம்.

அதோடு விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த சந்தோஷம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தைப் பற்றி நம் பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை. 1989இலிருந்து மத்திய அரசின்கீழ் இயங்குகிற நிறுவனம் அது. பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அங்கே எழுதலாம். பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிரம்பியிருந்தால் போதும். ஐந்து பாடங்கள், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒரே தடவையில் எல்லாப் பாடத்தையும் முடிக்க வேண்டியதில்லை. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே நிற்கும். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவிலும் சபையிலும், அந்த இரண்டாண்டுகளில் படிப்பைவிட்டுப் போன வாலிபர் ஒருவராவது நிச்சயம் இருப்பார்.

இவர்கள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே ஒரு ஞாயிறு மாலை அந்தக் கடைக்குப் போனார்கள். பையன் முதலில் முகங்கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அதெல்லாம் வேண்டாம், முதலாளி விடமாட்டார் என்றான். அடுத்த ஞாயிறும் போனார்கள். மூன்றாவது முறை முதலாளியே, அவர் ஒரு பஞ்சாபி, நானும் எட்டாவதோடு நின்றவன்தான், போய் எழுதடா என்று சொல்லி விண்ணப்பக் கட்டணத்தில் பாதியைக் கொடுத்தார். மீதியை வகுப்புக் குழுவில் சேர்த்தார்கள். தன் தாயை இழந்த அந்தப் பெண்தான் விண்ணப்பத்தை நிரப்பியது. தமிழ், இந்தி, மனையியல் மூன்றையும் அவன் முடித்துவிட்டான். கணிதமும் அறிவியலும் நிற்கின்றன. கணிதம் சொல்லிக்கொடுக்க அந்த 95 வாங்கிய பையன், கடை மூடியபின் இரவு ஒன்பதரை மணிக்கு, வாரத்தில் இரண்டு நாள் மெட்ரோவில் போய்வருகிறான்.